"நெருப்புச் சுவர்"னு தம்ப்நெயில் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் நியூஸ் போடுற எடிட்டர்களுக்கும் யூடியூப் சேனல் நடத்துறவங்களுக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளைக்கு ஒரு தடவை யாராவது ஒருத்தர் "சூரிய குடும்பத்தின் எல்லையில் நெருப்புச் சுவர்!"னு போட்டுடுறீங்க, பின்னாடி தீ கொழுந்துவிட்டு எரியுற படம் வேற. 2018 நவம்பர் 5 அன்னைக்கு நாசாவோட வாயேஜர் 2 விண்கலம் ஹீலியோபாஸை, அதாவது சூரியன்லேர்ந்து வீசுற துகள் ஓட்டமான சூரியக் காத்து முடியுற எல்லையை தாண்டுனப்போ அந்த பக்கத்துல 30,000லேர்ந்து 50,000 கெல்வின் வரைக்கும் கணக்கு வந்தது உண்மைதாங்க. ஆனா எரிய அங்க என்ன இருக்கு? டெம்பரேச்சர்னா துகள் எவ்ளோ வேகமா ஓடுதுங்கிற கணக்கு, சுடணும்னா வந்து மோதுறதுக்கு துகள் வேணும்ல. அதுக்கும் வெளிய நம்மள சுத்தி இருக்குற விண்மீனிடை மேகமே (விண்மீன்களுக்கு நடுவுல இருக்குற வாயு) ஏறத்தாழ 7,000 கெல்வின், ஆனா ஒரு லிட்டர் பாட்டில் அளவு இடத்துல மொத்தமா சுமார் 300 அணுதான். வாயேஜருக்கு இப்ப பிரச்சனையே குளிருதான், பவர் குறைய குறைய ஹீட்டரை ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணிட்டு இருக்காங்க.

அப்புறம் வாயேஜர் "சூரிய குடும்பத்தை விட்டே வெளியேறியது"னு போடுற தலைப்பு, அதுவும் தப்பு. 2012 ஆகஸ்ட் 25ல வாயேஜர் 1 தாண்டுனது சூரியக் காத்து முடியுற இடத்தை. சூரியனோட ஈர்ப்புக்கு கட்டுப்பட்ட பனிக்கட்டிப் பொருள்களோட கூட்டமான ஊர்ட் மேகத்தோட உள் விளிம்பை தொடவே இன்னும் 300 வருஷம் கிட்ட ஆகும், தாண்ட 30,000 வருஷம் ஆகலாம்.

நிஜக் கதையே செம த்ரில்லர்ங்க. வாயேஜர் 1ல பிளாஸ்மாவ (மின்னூட்டம் உள்ள துகள் கூட்டத்தை) நேரடியா அளக்குற கருவி 1980லயே படுத்துடுச்சு, அதனால தாண்டுனோமா இல்லையான்னே தெரியல, 2012 மார்ச்ல சூரியன்ல ஒரு வெடிப்பு, அந்த அலை ஒரு வருஷத்துக்கு மேல ஓடிப்போய் 2013 ஏப்ரல்ல வாயேஜர சுத்தி இருந்த பிளாஸ்மாவ அதிர வச்சுது, அந்த அதிர்வெண்ண வச்சு அடர்த்தியை கணக்கு போட்டா முன்ன இருந்ததவிட 40 மடங்குக்கு மேல! எல்லைக்கு வெளியதான் பிளாஸ்மா அவ்ளோ அடர்த்தியா இருக்கும், அதனால அப்பதான் வெளிய வந்தது உறுதியாச்சு. இத விட்டுட்டு தீ படமா?

இன்னொண்ணு, வெளிய இருக்குற அந்த மேகம் நம்மகிட்டயும் வருது. மின்னூட்டம் இல்லாத ஹீலியம் அணுவை சூரியனோட காந்தப்புலம் தடுக்காது, நேரா உள்ள புகுந்துடும். சூரியன் ஈர்ப்பால அதை வளைச்சு பின்பக்கம் குவிக்குது, ஒவ்வொரு டிசம்பரும் பூமி அந்தக் குவியலுக்குள்ள புகுந்து வெளிய வருது. இதுக்கு ஒரு தம்ப்நெயில் கூட நான் பாத்ததில்ல.

இந்த எல்லைய ஆராயத்தான் 2025 செப்டம்பர்ல நாசாவோட ஐமேப் (IMAP) விண்கலத்த அனுப்பிருக்காங்க. அதோட டேட்டாவ வச்சு நீங்க வீடியோ போடுறப்போ தயவுசெஞ்சு அந்த பழைய தீ படத்தை மட்டும் மறுபடி போட்டுடாதீங்க.