கொடை விழாக் கமிட்டியாருக்கு: அந்தத் துண்டுச்சீட்டு வேண்டாம்

நெல்லைச் சீமையில் அம்மன் கொடைகளை முன்னின்று நடத்தும் கமிட்டிப் பெரியவர்களுக்கு வணக்கம்.

நிகழ்ச்சி தொடங்கச் சற்று முன்னால், 'ஊர்க்காரங்களைக் கொஞ்சம் ரோஸ்ட் பண்ணுங்க' என்று, மேடையில் கேலி செய்ய வேண்டியவர்களின் பெயர்களை எழுதி எங்களைப் போன்ற நகைச்சுவைக் கலைஞர்களின் கையில் நீங்கள் திணிக்கும் துண்டுச்சீட்டைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதை இனி யாருக்கும் தராதீர்கள் என்று கேட்கவே இம்மடல்.

கடந்த சித்திரையில் தாமிரபரணிக் கரையோரத்து ஊர் ஒன்றில் எனக்குத் தரப்பட்ட சீட்டில், பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண்ணின் பெயரும், அவருடைய கல்யாணம் நிச்சயத்தோடு நின்றுபோன செய்தியும் இருந்தன. நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு நிகழ்ச்சியைத் தொடர, பொறுக்கமாட்டாத கமிட்டிக்காரர் ஒருவர் மேடையேறி, மைக்கை வாங்கி, அதைத் தாமே சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் தலை நிமிராமல் எழுந்து நடக்க, அவருடைய தாயார் விரித்த பாயைச் சுருட்டிக்கொண்டு, கால் மடக்கி வழிவிட்டவர்களிடமெல்லாம் 'மன்னிச்சுக்கிடுங்க' என்று சொல்லியபடியே பின்னால் போனார். அன்றைக்கு அந்தத் திடலில் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அந்த வீடும் பீடிக் கூலியில் மிச்சம் பிடித்துத் கொடைக்கென்று வீட்டுக்கு வீடு வாங்கும் தலைக்கட்டு வரி கட்டிய வீடு.

கேலியே கூடாது என்று நான் சொல்லவில்லை; கேலி செய்துதான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. தொல்காப்பியம் நகைக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் எள்ளலே முதலாவது. ஆனால் அதற்கு உரையெழுதிய, பேராசிரியர் என்னும் பெயர்கொண்ட பழைய உரையாசிரியர், பிறரை எள்ளிச் சிரிப்பதோடு, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பதையும் அதற்குள் சேர்க்கிறார். நீங்கள் ஆசைப்படும் ரோஸ்ட்டும் அப்படித்தான்: நியூயார்க்கில் ஃப்ரையர்ஸ் கிளப் என்ற கலைஞர் மன்றத்தில் கேலிக்கு இசைந்து வந்து உட்கார்ந்தவரைத்தான் சக கலைஞர்கள் வறுத்தெடுத்தார்கள்; முடிவில் எழுந்து திருப்பிக் கொடுக்க அவருக்கும் முறை உண்டு. பாய் விரித்துக் கொடை பார்க்க வந்தவருக்கு அந்த முறையை நீங்கள் எப்போது தந்தீர்கள்?

கல்வெட்டில் பெயர் பொறித்த உபயதாரரையோ, பந்தலுக்குப் பணம் தந்த ரியல் எஸ்டேட் அதிபரையோ கிண்டல் செய்யச் சொல்லி இதுவரை எனக்கு ஒரு சீட்டும் வந்ததில்லை. திக்கிப் பேசுகிறவர், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர், பிள்ளையில்லாதவர் என்று எதிர்த்துக் கேட்க நாதியற்றவர்களையே பொறுக்கியெடுத்திருப்பீர்கள். எந்தச் சமூகத்தையும் புண்படுத்தமாட்டோம் என்று காவல் நிலையத்தில் பயபக்தியோடு எழுதிக் கொடுக்கும் அதே பேனா, வெட்டுக்குத்து வராது என்று உறுதியான இடத்தில் மட்டும் எவ்வளவு தாராளமாக ஓடுகிறது! ஆள் பார்த்துக் கேலி செய்யும் இந்தச் சாமர்த்தியத்துக்கு அடுத்த கொடையில் ஒரு பொன்னாடையே போர்த்தலாம்.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். கேட்பது ஒன்றுதான்: சீட்டு வேண்டாம். கேலி கட்டாயம் வேண்டுமென்றால், தாமாக முன்வந்து சம்மதித்தவர்களின் பெயர்களை மட்டும், அவர்கள் கையெழுத்தோடு தாருங்கள். முதல் பெயர் கமிட்டித் தலைவருடையதாக இருந்தால் மிகவும் மகிழ்வேன். ஆடிக் கொடைகளுக்கு இப்போதே அட்வான்ஸ் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பேசும் தாளிலேயே இதையும் ஒரு வரியாக எழுதி அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் வட்டாரத்து மேடைக் கலைஞன் ஒருவன்