மாணவர்கள் சொந்தமாக ஒரு நிரல்மொழி எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைச் சந்தை கேட்கிற பைத்தான் போன்ற நிரல்மொழிகளை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும், மாணவர்கள் சொந்தமாக மொழி எழுதிப் பார்ப்பதெல்லாம் வீண் வேலை என்ற கருத்தில் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மின்னணுப் பலகைகளைச் சோதித்துத் தருவது என் தொழில். அந்த வேலைக்காக நானே எழுதிய சின்ன ஸ்டாக் மொழி ஒன்றைத்தான் அன்றாடம் பயன்படுத்துகிறேன். எனவே அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்டாக் என்றால் அடுக்கு. ஸ்டாக் மொழியில் ஓர் எண்ணைத் தட்டினால் அது அடுக்கின் மேல் போய் உட்காரும். ஒரு சொல்லைத் தட்டினால் அது மேலே இருப்பதை எடுத்துக்கொண்டு, வேலையை முடித்து, விடையை மறுபடி மேலேயே வைக்கும். '5 3 +' என்றால் 8. அடைப்புக்குறி கிடையாது, பெருக்கல் முதலா கூட்டல் முதலா என்ற விதியும் கிடையாது. 'ஐந்தையும் மூன்றையும் கூட்டு' என்று வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும். புதுச் சொல் வேண்டுமென்றால் இப்படி:

: சிமிட்டு  1 விளக்கு  200 பொறு  0 விளக்கு  200 பொறு ;

முக்காற்புள்ளியில் தொடங்கி அரைப்புள்ளியில் முடிகிறது. இனி 'சிமிட்டு' என்று தட்டினால் பலகையில் இருக்கும் எல்.இ.டி. ஒருமுறை எரிந்து அணையும். நாம் தட்டுவதைப் படித்து நடத்தும் நிரலான இன்டர்பிரிட்டர் செய்வதும் கொஞ்சம்தான். அடுத்த இடைவெளி வரை ஒரு சொல்லைப் படிக்கும், தெரிந்த சொற்களின் பட்டியலான அகராதியில் தேடும், இருந்தால் ஓட்டும், இல்லையென்றால் எண்ணா என்று பார்க்கும், அதுவும் இல்லையென்றால் பிழை சொல்லும். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் சி மொழியில் இதை எழுதி முடித்துவிடலாம். வெறும் நம்பிக்கையில் அல்ல, கண்ணால் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இதெல்லாம் பழைய கதை என்று சிலர் நினைக்கக்கூடும். 1970களின் தொடக்கத்தில் சார்லஸ் மூர் என்ற அமெரிக்க நிரலாளர், தான் உருவாக்கிய ஃபோர்த் என்ற ஸ்டாக் மொழியைக் கொண்டு அரிசோனாவின் கிட் பீக்கில் இருந்த வானொலித் தொலைநோக்கியை இயக்கினார் என்பது பழைய கதைதான். ஆனால் 2014 நவம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தின் மேல் இறங்கிய ஃபிலே விண்கலத்தின் கணினியும் ஸ்டாக் வகைச் சிப்பில், ஃபோர்த்தில்தான் ஓடியது. அச்சுக்குப் போகும் பக்கங்களைப் பல ஆண்டுகள் சுமந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு ஸ்டாக் மொழி. ஜாவா நிரல் மாற்றப்படும் இடைநிலைக் குறியீடான பைட்கோடும், இன்றைய பிரவுசர்களில் ஓடும் வெப்அசெம்பிளி என்ற குறியீடும் இதே அடுக்கு முறையில் கணக்குப் போடும் ஸ்டாக் இயந்திரத்துக்காகவே வகுக்கப்பட்டவை. கட்டுரையாளர் பரிந்துரைக்கும் பைத்தானே உள்ளே இந்த முறையில்தான் கணக்குப் போடுகிறது. ஆக, வேலைச் சந்தை கேட்கிற மொழிகளின் அடித்தளத்தைத்தான் மாணவர் தொட்டுப் பார்க்கிறார்.

உண்மையான படிப்பு தொடங்குவது, எழுதிய மொழியை வேறொரு இயந்திரத்துக்குக் கொண்டு போகும்போது. -7ஐ 2ஆல் வகுத்தால் என்ன? மீதி 1 வைத்து -4 என்றும் சொல்லலாம். மீதி -1 வைத்து -3 என்றும் சொல்லலாம். இரண்டுமே கணக்குப்படி சரி. ஃபோர்த்தின் 1983 தர வரையறை முதலாவதைக் கட்டாயமாக்கியது. 1994 வரையறை இரண்டையும் அனுமதித்து, எது வேண்டுமோ அதைக் கேட்டு வாங்கத் தனித்தனிச் சொற்களைத் தந்தது. சி மொழியோ 1999 முதல் இரண்டாவதை விதியாக வைத்திருக்கிறது. மோட்டார் -10 பாகையில் நிற்கிறது, 360ஆல் வகுத்த மீதியைக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறையில் 350 வரும், இன்னொன்றில் -10 வரும். 350ஐ எதிர்பார்த்து எழுதிய நிரல் -10 கிடைத்தால் தவறான பக்கம் சுற்றும். என் மொழியில் முதலாவது முறைதான், அதாவது -4 என்று கீழ்நோக்கி முழுமையாக்கும் முறைதான் என்று முடிவு செய்து, ஒரு பக்க வரையறைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சி தரும் விடையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தேவையான இடத்தில் ஒன்றைக் குறைத்துத் தருகிறது அந்தச் சொல்.

எண்ணின் அகலமும், அதாவது ஓர் எண்ணுக்கு எத்தனை பிட் (0 அல்லது 1 வைக்கும் இடம்) என்பதும், இப்படித்தான். ஏடிமெகா 328 போன்ற 8 பிட் சிப்பில், சி மொழியின் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட்தான். அந்த அகலத்தையே அடுக்குக்கும் வைத்தால் '300 200 *' என்பதற்கு 60000 வராது, அது கொள்ளாமல் வழிந்து -5536 வரும். லேப்டாப்பில் சரியாக வரும். எல்லா இடத்திலும் 32 பிட் என்று வைத்தால் விடை ஒன்றாகிவிடும். ஆனால் அந்தச் சிப்பில் மொத்த ரேம் 2 கிலோபைட். 32 இடம் கொண்ட ஓர் அடுக்குக்கே 128 பைட் போய்விடும். எதை விட்டுக்கொடுப்பது? நான் இடத்தைக் கொடுத்து ஒரே விடையை வாங்கிக்கொண்டேன். வேறொருவர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், ஆனால் எடுத்தே ஆக வேண்டும். நினைவகத்தில் நான்கின் மடங்கில் இல்லாத முகவரியிலிருந்து 32 பிட் எண்ணைப் படித்தால் லேப்டாப் சத்தமில்லாமல் படித்துக் கொடுத்துவிடும். சிறு பலகைகளில் வரும் கார்டெக்ஸ் எம்0+ சிப் அதே இடத்தில் பிழை என்று நின்றுவிடும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்து போகிற 'சீரமைப்பு', அதாவது எண்ணை உரிய மடங்கு முகவரியில் வைப்பது, என்னவென்று மாணவருக்கு அப்போதுதான் உறைக்கும்.

தமிழில் சொல்லுக்குப் பெயர் வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நமக்காக வேறு யாரும் யோசிக்கப் போவதில்லை. பழைய ஃபோர்த்களில் பெயரின் நீளத்தைக் குறிக்க 5 பிட் ஒதுக்கினார்கள். அதிகபட்சம் 31 பைட். 'மின்னழுத்தம்' கண்ணுக்கு 7 எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 12 குறியீடு. அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 36. பெயர் உள்ளேயே போகாது. போதாததற்கு, 1970களின் கடைசியில் பரவலான ஃபிக்-ஃபோர்த் என்ற ஃபோர்த் வடிவத்தில், பெயரின் கடைசி எழுத்தைக் குறிக்க அதன் மேல் பிட்டை 1 ஆக்கினார்கள். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால், 8 பிட் கொண்ட பைட்டின் மேல் பிட் சும்மா கிடந்தது. தமிழ் எழுத்தின் எல்லா பைட்டிலும் அந்த பிட் 1தான். பெயர் எங்கே முடிகிறது என்று தேடுகிற நிரல் முதல் பைட்டிலேயே 'முடிந்தது' என்று நின்றுவிடும். அதனால் நான் நீளத்துக்கு ஒரு முழு பைட் கொடுத்து, முடிவுக் குறியையே எடுத்துவிட்டேன். இன்று எங்கள் சோதனை மேசையில் 'மின்னழுத்தம் காட்டு' என்று தட்டினால் அளவு திரையில் வருகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைத் தயங்காமல் தட்டுகிறார்கள்.

மொழியை எழுதியதோடு வேலை முடிவதில்லை, அதை நடத்த வேண்டும். மற்றவர்கள் அதில் எழுதத் தொடங்கிய பிறகு ஒரு சொல்லின் பொருளை மாற்றக் கூடாது. மாற்ற வேண்டுமென்றால் புதுப் பெயர். ஃபோர்த் வழியில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: ஒரு பெயரை மறுபடி வரையறுத்தாலும், முன்பே எழுதப்பட்ட சொற்கள் பழைய வரையறையையே கூப்பிடும். நேற்று ஓடிய சோதனை அதனால் இன்று கெடாது. இதனுடன் அந்த மொழியிலேயே எழுதிய ஒரு சோதனைக் கோப்பு அவசியம். எந்தப் புது பலகைக்குப் போனாலும் அதைத்தான் முதலில் ஓட்டுகிறேன். வகுத்தல், நிரம்பி வழியும் பெருக்கல், காலியான அடுக்கிலிருந்து எடுத்தல், தமிழ்ப் பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. வெளியீடு ஓர் எழுத்து மாறினாலும் அந்தப் பலகையில் மொழி இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

சம்பளக் கணக்கை ஸ்டாக் மொழியில் எழுதச் சொல்லவில்லை. அடுக்கில் நான்கைந்து எண்களை மனத்தில் வைத்துப் புரட்டுகிற நிரலை எழுதியவரே அடுத்த மாதம் படிக்கத் திணறுவார். ஒவ்வொரு சொல்லும் ஒன்றிரண்டு வரிக்குள் அடங்க வேண்டும் என்று நான் கண்டிப்பாக இருப்பது அதனால்தான்.

கல்லூரி ஆசிரியர்களிடம் நான் கேட்பது இது. இறுதியாண்டு புராஜெக்டாக ஒரு ஸ்டாக் மொழியை அனுமதியுங்கள். அகலம் வேறுபட்ட இரண்டு சிப்களில் ஒரே சோதனைக் கோப்பு ஒரே விடையைத் தர வேண்டும் என்பதை மதிப்பெண்ணுக்கு நிபந்தனையாக வையுங்கள். நிரலோடு ஒரு பக்க வரையறைத் தாளையும் கேட்டு வாங்குங்கள். என் சோதனைக் கோப்பும் வரையறைத் தாளும் வேண்டும் என்று தங்கள் அலுவலகத்துக்கு எழுதும் ஆசிரியர்களின் கடிதங்களை எனக்கு அனுப்பி உதவினால், ஒவ்வொருவருக்கும் நானே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி