கணக்கில் வீக் என்று எழுதியிருந்தாயே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ நுழைவுத் தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது, நான் கணக்கில் வீக், பேசாமல் விட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். விட்டுவிடாதே. நானும் முதல் தடவை எழுதும் முன் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் இரண்டு மாதம் வீணாய்ப் போனது.

எனக்கு நிகழ்தகவு என்றாலே பயம். அதனால் தினமும் அதையே போட்டுப் பார்த்தேன். மாதிரித் தேர்வில் மதிப்பெண் அசையவே இல்லை. அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து, தப்பாய்ப் போன கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பக்கத்திலேயே ஏன் தப்பானது என்று ஒரு வரி. நாற்பது கேள்வி சேர்ந்ததும் எண்ணிப் பார்த்தால், நிகழ்தகவில் விட்டது மூன்றே மூன்று! பாதிக்கு மேல், இரண்டு அளவுகளில் எது பெரிது என்று ஒப்பிடச் சொல்லும் கேள்விகள்.

அதில் ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. எக்ஸ் பூஜ்யத்தைவிடப் பெரியது. எக்ஸ் பெரிதா, அதன் வர்க்கம் பெரிதா? 2 போட்டேன், 4 வந்தது. 3 போட்டேன், 9 வந்தது. வர்க்கம்தான் என்று குறித்துவிட்டுப் போய்விட்டேன். அரையைப் போட்டிருந்தால் கால் வந்திருக்கும். 1 போட்டிருந்தால் இரண்டும் சமம். 'சொல்ல முடியாது' என்பதுதான் விடை. கணக்கு தெரியாமலா தப்பு செய்தேன்? முழு எண் மட்டுமே மனதில் வரும் பழக்கம், அவ்வளவுதான். இப்போதெல்லாம் கேள்வி இடம் கொடுத்தால் பின்னம், 1, பூஜ்யம், மைனஸ் எண் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்காமல் விடுவதில்லை.

மொழிப் பகுதியில் வேறு கதை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பட்டியலை மனப்பாடம் செய்திருந்தேன். 'சாங்ஷன்' என்றால் அனுமதி என்று படித்தவளுக்கு, அதே சொல் தண்டனை என்ற பொருளில் வந்தபோது வாக்கியமே தலைகீழாகிவிட்டது. சொல்லை வாக்கியத்தோடு சேர்த்தே படி.

நேரத்தையும் பார்த்துக்கொள். முதல் கணக்குப் பகுதியில் 12 கேள்வி, 21 நிமிடம். ஒன்றுக்கு ஒன்றேமுக்கால் நிமிடம்தான். அதில் எப்படிச் செய்கிறாய் என்பதை வைத்துத்தான் இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டாமல் குறித்துவைத்துவிட்டு நகரு. அதே பகுதிக்குள் திரும்பி வரலாம். தப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எதையும் வெறுமனே விடாதே.

இலவசமாகக் கிடைக்கும் 'பவர்ப்ரெப்' மாதிரித் தேர்வுகள் இரண்டையும் ஒரே வாரத்தில் எழுதித் தீர்த்துவிடாதே. ஒன்றை இப்போது எழுது, நோட்டுக்கு அதுதான் தீனி. மற்றது கடைசிப் பத்து நாளுக்கு இருக்கட்டும்.

என் சேதி: முதல் தடவை கணக்கில் 155, இரண்டாம் தடவை 162. விண்ணப்பங்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன். முதல் தடவை சரியாக வராவிட்டாலும் 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம். அந்த இடைவெளியில்தான் என் நோட்டே பிறந்தது.

சரி, உன் நோட்டில் இருபது கேள்வி சேர்ந்ததும் படம் எடுத்து அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதாதே. எதைக் கவனிக்கவில்லை என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி