வல்லமைக்காக உபவாசிக்கும் ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான ஊழியர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும்,

அற்புதம் செய்யும் வல்லமை வேண்டி நீங்கள் உபவாசம் இருப்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. அற்புதங்கள் அப்போஸ்தலர்களோடு ஓய்ந்துவிட்டன என்று வாதிடுகிறவனும் நான் அல்லன். பெற்ற வல்லமை எதற்கு என்பதுதான் என் கேள்வி.

ஆவியின் வரத்தை விலைக்கு வாங்கச் சமாரியாவின் மந்திரவாதி சீமோன் அப்போஸ்தலர்களிடம் பணம் நீட்டியதை மட்டுமே நாம் கண்டித்துப் பிரசங்கிக்கிறோம். அதற்கு முன்பே அவன் தன்னைப் பெரியவன் என்று சொல்லிக்கொண்டவன். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் அவனுக்கு ஆவியின் வரமும் தேவைப்பட்டதோ? காசு கைமாறாமலும் அந்த ஆசை வளரும். நம் கூட்ட விளம்பரங்களில் யாருடைய முகம் பெரிதாக இருக்கிறது என்று பாருங்கள்.

வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை. பந்தி விசாரிக்க ஏழு பேர் தேவைப்பட்டார்கள். அந்த வேலைக்கே ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக இருக்கவேண்டும் என்றார்கள் அப்போஸ்தலர்கள். இன்று அந்தப் பொறுப்பை யாரிடம் கொடுக்கிறோம்? மேடையில் இடம் கிடைக்காதவர்களிடம். அந்த எழுவரில் ஒருவனான ஸ்தேவான் அற்புதங்களும் செய்தான். ஆனாலும் அவன்மேல் விழுந்த கற்களை எந்த வல்லமையும் தடுக்கவில்லை. எறிந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் பெலன்தான் அவனுக்கு இருந்தது. சிறையில் கட்டுண்டிருந்த அப்போஸ்தலன் பவுலும் கொலோசெ பட்டணத்து விசுவாசிகளுக்காக அப்படித்தான் ஜெபிக்கிறான்: அவர்கள் எல்லா வல்லமையிலும் பலப்படவேண்டும், பொறுமையும் நீடிய சாந்தமும் உண்டாகும்படி.

இனி, சுகம் பெறாதவர்களைப் பற்றி. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எபேசுவில் பவுலின் உறுமால்கள் பட்டே நோய்கள் நீங்கின. அதே பவுல் தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்ததாக எழுதுகிறான். இன்னொரு உடன் ஊழியனான தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறான். இருவரிடமும் விசுவாசக் குறைவைத் தேடவில்லை. நாமோ, ஜெபித்தும் எழும்பாத நோயாளியிடம் மறைந்திருக்கும் பாவம் என்ன என்று கேட்டு, கட்டிலோடு பழியையும் சேர்த்துச் சுமக்க வைக்கிறோம். இது வல்லமை அல்ல, கொடுமை.

அடுத்த கூட்டத்தில் சாட்சி நேரத்தின் பாதியை, பவுலைப் போல வேண்டிக்கொண்டும் தங்கள் மாம்சத்தின் முள், அதாவது வேதனை, நீங்காதவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் பேசும்போது இசைக்கருவிகள் வேண்டாம்.

இப்படிக்கு,
சபையின் கடைசி வரிசையில் அமரும் ஒரு விசுவாசி