சீட்டுக் காசும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும்

பாம்பன்
மே 18

மாப்ள,

கடிதம் கிடைத்தது. போனில் என்றால் நீ பேசிக்கொண்டே போவாய், எனக்கு ஒன்றும் மண்டையில் தங்காது. எழுதிக் கேட்டது நல்லதாயிற்று. இங்கே எல்லோரும் சுகம். தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. ஜூன் 14 வரைக்கும் அப்பாவுக்கு வலை பார்ப்பதும் என்னைத் திட்டுவதும்தான் வேலை. புதுப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்தும் நீ ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை என்று அம்மாவுக்குக் குறை.

சரி, உன் கணக்குக்கு வருகிறேன். கேம் ஆடுகிற உன் கம்ப்யூட்டருக்கு, சீட்டு எடுத்த 25,000 ரூபாயையும் கிராபிக்ஸ் கார்டில் போட்டுவிடலாமா என்கிறாய். கார்டு வேண்டும்தான். ஆனால் முதல் காசு அதற்கு இல்லை.

உன் பெட்டிக்குள் இருப்பது ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம் ஒரே குச்சி, அப்புறம் கேபினட்டோடு சும்மா வந்த பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்., அதாவது எல்லாவற்றுக்கும் கரண்டு பிரித்துக் கொடுக்கும் டப்பா. எனக்குப் பயம் அந்தக் கடைசிச் சாமானில்தான். 1050 டிஐ 75 வாட்டுக்குள் அடங்கிவிடும், போர்டில் அதைச் செருகும் ஸ்லாட்டிலிருந்தே கரண்டு எடுத்துக்கொள்ளும். அதனால் இத்தனை நாள் தப்பித்தாய். நீ ஆசைப்படும் ஆர்எக்ஸ் 6600 கார்டோ 132 வாட் கேட்கும், தனியாக 8 பின் கேபிளும் வேண்டும். மேலே '500 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை நம்பாதே. பக்கவாட்டுச் சீட்டில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்கிப் பார், எவ்வளவு பொய் என்று தெரிந்துவிடும்.

நான் பட்டது உனக்குத் தெரியும். ஆடிக் கச்சான் காற்றில் கரண்டு போவதும் வருவதுமாக இருந்த ஒரு ராத்திரி, அந்த மாதிரி ஒரு டப்பா 'டப்' என்றது. போனவன் தனியாகப் போகவில்லை, போர்டையும் கூட்டிக்கொண்டு போனான். மிச்சம் பிடித்தது ஆயிரத்து சொச்சம், இழந்தது அதைப் போல நாலு மடங்கு. அதனால் ஒரு நாலாயிரம் ரூபாயை முதலில் எடுத்து வை. 550 வாட், கரண்டை வீணாக்காததற்குத் தரும் '80 பிளஸ் பிரான்ஸ்' (வெண்கலம்) முத்திரை, நீண்ட வாரண்டி உள்ளதாகப் பார்த்து வாங்கு. பிற்பாடு எதை மாற்றினாலும் இது கூடவே வரும்.

கார்டு வாங்கும் முன்னால் ஒரு சோதனை செய். ஆட்டத்தை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் ஜிபியு, அதாவது கார்டின் சிப், எத்தனை சதவீதம் என்று பார். ஜிடிஏ 5-இல் 97, 98 என்று நின்றால் கார்டுதான் திணறுகிறது. வாலரண்டில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பார். குறைத்தும் பிரேம் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) ஏறவில்லை என்றால் தடை பிராசஸரில். நீ ராத்திரி முழுக்க வாலரண்ட் மட்டும்தான் ஆடுகிறாய் என்றால் கார்டையே விட்டுவிட்டு ரைசன் 5 5600 போடலாம், உன் போர்டிலேயே உட்காரும். போர்டைக் கிளப்பிவிடும் பயாஸ் மென்பொருளின் அப்டேட் மட்டும் முதலில் செய்ய வேண்டும். அதை யுபிஎஸ் இல்லாமல் செய்து தொலைக்காதே. பாதியில் கரண்டு போனால் போர்டு செங்கல்தான். இன்னொன்று, உன் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். பிரேம் 200 வந்தாலும் அது நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும்.

கடைக்காரர் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகத் தருகிறார் என்றாயே, வேண்டாம். அதற்கு பிசிஐ லேன், அதாவது கார்டும் போர்டும் தகவல் பரிமாறும் பாதை, நாலே நாலு. உன் பி450 போர்டு பிசிஐ 3.0, பழைய தலைமுறை. நாலு லேனும் பழைய வேகத்தில் ஓடும்போது, 4 ஜிபி மெமரி நிரம்பியதும் கார்டு மூச்சு வாங்கும். புதுப் போர்டில் பரவாயில்லை, உன்னிடம் வீண். 6600-க்கு எட்டு லேன், 8 ஜிபி. உன் போர்டில் பெரிதாக ஒன்றும் குறையாது.

ராம் இப்போது விலை ஏறிக்கிடக்கிறது. ஆனாலும் ஒற்றைக் குச்சியில் ஓட்டுவது ஒரு துடுப்பில் வள்ளம் தள்ளுகிற மாதிரி. யாராவது பழைய டிடிஆர்4 ராம் 8 ஜிபி கொடுத்தால், உன்னுடையதன் வேகத்துக்கே பார்த்து வாங்கி, இரண்டையும் போர்டு புத்தகம் சொல்லும் ஸ்லாட்டில் போடு. எஸ்எஸ்டி போன வருஷமே போட்டுவிட்டாய், அந்த ஒரு விஷயத்தில் உனக்குப் புத்தி இருந்தது.

கேபினட் கதவைக் கழற்றி ஜன்னலோரம் வைத்திருக்கிறாயே, அதை முதலில் மூடு. நம்மூர்க் காற்றில் உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் செம்பைத் தின்னும். போன மாசம் என் ராமை உருவிப் பார்த்தேன், பொன் நிறப் பல்லெல்லாம் மங்கிக் கிடந்தது. பள்ளிக்கூடத்து ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன், வராத திரை வந்தது. பழைய கார்டு வாங்குவதாக இருந்தால் ஸ்க்ரூவில் துரு, பச்சைப் பூத்தது ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். நம்ம கடற்கரையில் ஓடிய கார்டு என்றால் இரண்டு தடவை பார்.

புதுக் கார்டு வந்ததும் பழையதை உடனே விற்றுவிடாதே. 2600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, புதியது மக்கர் செய்தால் திரையே வராது.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சோதனை எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு கீழக்கரையிலிருந்து பஸ் ஏறு. நாட்டுப்படகு போய்க்கொண்டுதான் இருக்கிறது, நண்டு கிடைக்கும் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

உன்
கடைசி பெஞ்சுக்காரன்