ஸ்போர்ட்ஸ் செடானைத் தினமும் ஓட்டுவோர் கவனிக்க

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் அதிசக்தி செடான்களைப் பற்றி வரும் விமர்சனங்களைத் தொடர்ந்து படிக்கிறேன். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை விநாடி, எத்தனை குதிரைத்திறன், சைலன்சர் சத்தம் எப்படி என்பதெல்லாம் விரிவாக வருகின்றன. கடைசியில் 'தினசரி பயன்பாட்டுக்கும் ஏற்றது' என்று ஒரு வரி. வாங்குகிறவர் பர்ஸைப் பதம் பார்ப்பது அந்த ஒரு வரிதான். அதைப் பற்றி நீங்கள் இன்னும் எழுதியிருக்க வேண்டும்.

அந்த வரி பொய் என்று சொல்லவில்லை. 1980-களின் நடுவில் 286 குதிரைத்திறனோடு வந்த முதல் பிஎம்டபிள்யூ எம்5, அதன்பின் போர்ஷே தொழிற்சாலையின் கைவண்ணத்தில் உருவான மெர்சிடிஸ் 500இ ஆகியவற்றின் நோக்கமே அதுதான்: நான்கு கதவு, பெரிய டிக்கி, குடும்பத்தோடு போகலாம், தேவைப்பட்டால் பறக்கலாம். ஆனால் இந்த வகைக் கார்களின் இன்ஜினை அதிகம் தேய்ப்பது நெடுஞ்சாலை வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தினம் மூன்று கிலோமீட்டர் ஓட்டி, இன்ஜின் சூடாகும் முன்பே நிறுத்திவிடுவதுதான் அதைவிடக் கேடு.

காரணம் எளிது. டேஷ்போர்டில் தெரியும் வெப்பமானி கூலன்ட்டின் சூட்டைக் காட்டுகிறது. அது ஐந்து பத்து நிமிடத்தில் நடுக்கோட்டுக்கு வந்துவிடும். ஆயில் சூடாக அதைப்போல இரண்டு மடங்கு நேரம்கூட ஆகலாம். எட்டு ஒன்பது லிட்டர் ஆயில் பிடிக்கும் பெரிய இன்ஜின்களில் இன்னும் தாமதம். 400 குதிரைத்திறன் வி8 இன்ஜினோடு வந்த இ39 எம்5 காரில் (இ39 போன்றவை பிஎம்டபிள்யூ ஒவ்வொரு தலைமுறைக்கும் வைக்கும் குறியீடுகள்) இதற்காகவே இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ரெவ் மீட்டரைச் சுற்றி விளக்குகள் வைத்திருந்தார்கள். ஆயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும். விளக்குகள் இன்னும் எரியும் பகுதிக்குள் ரெவ் ஏற்றக் கூடாது என்பது கணக்கு. உங்கள் காரில் ஆயில் வெப்பநிலையைக் காட்டும் திரை இருந்தால் அதை நிரந்தரமாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 80 டிகிரி செல்சியஸ் வரும்வரை அதிகபட்ச ரெவ்வில் பாதியைத் தாண்டாதீர்கள், ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தாதீர்கள். அதற்காக வீட்டு வாசலிலேயே பத்து நிமிடம் ஐடிலில் விட்டுச் சூடாக்குவதும் தவறு. குளிர்ந்த இன்ஜினுக்குள் கூடுதல் பெட்ரோல் பாய்கிறது; அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் கிளம்பி, மெதுவாக ஓட்டிச் சூடாக்குவதே சரி.

குறுகிய பயணங்களில் ஆயிலில் கலக்கும் பெட்ரோலும் நீராவியும் வெளியேற, ஆயில் நன்கு சூடாகி அந்தச் சூட்டில் சற்று நேரம் நிலைக்க வேண்டும். வாரத்தில் ஒருமுறையாவது அரை மணி, முக்கால் மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான். அது முடியாதவர்கள், 'அடுத்த சர்வீஸ் 25,000 கி.மீ.' என்று கணினி காட்டுவதை நம்ப வேண்டாம். 8,000 முதல் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். டப்பாவில் ஆயிலின் பிசுபிசுப்பைக் குறிக்கும் 5டபிள்யூ-30 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது பலர் செய்யும் தவறு. கார் கையேட்டில் உள்ள ஒப்புதல் எண், உதாரணமாக பிஎம்டபிள்யூவின் எல்எல்-01, மெர்சிடிஸின் 229.5, டப்பாவின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்க வேண்டும். இ60 எம்5 காரின் வி10, இ90 எம்3 காரின் வி8 போன்றவற்றுக்கு 10டபிள்யூ-60 என்ற தனி ரகம். இவற்றில் அளவுக்கம்பியும் கிடையாது. சமதளத்தில், இன்ஜின் சூடாக இருக்கும்போது திரையில் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட இன்ஜின்கள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிப்பது அதிசயம் இல்லை. குடிக்கிறது என்பதைவிட, குடித்தது தெரியாமல் ஓட்டுவதே ஆபத்து. டிக்கியில் ஒரு லிட்டர் டப்பா இருக்கட்டும்.

நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் இன்னொரு சங்கடம். பழைய முறையில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் பட்டு, அதைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். நேரடி முறையில் அது சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுவதால், இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து திரும்பி வரும் ஆயில் புகை வால்வில் கரியாகப் படிந்துகொண்டே போகும். பி7 ஆர்எஸ்4 ஆடியின் 4.2 லிட்டர் வி8 இதில் பெயர் பெற்றது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நடுக்கம், ஐடில் தடுமாற்றம், மேல் ரெவ்வில் சோர்வு ஆகியவை அறிகுறிகள். பெட்ரோல் டேங்கில் ஊற்றும் சுத்திகரிப்புத் திரவம் வால்வின் அந்தப் பக்கத்தைத் தொடவே தொடாது என்பதால் அதற்குச் செலவழிப்பது வீண். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்வை மூடிய நிலையில் வைத்து, அரைத்த வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

டயருக்கு வருவோம். ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் பணம் கேட்பது இதுதான். பெரும்பாலான பின்சக்கர இயக்க மாடல்களில் முன்டயர் ஒரு அகலம், பின்டயர் வேறு அகலம். அதனால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்ய வழியில்லை. ரப்பரும் மென்மையானது, பின்டயர்கள் 20,000 கிலோமீட்டரைத் தாண்டினால் நல்ல ஓட்டுநர் என்று சொல்லலாம். ஏமாற்றுவது உள்விளிம்புதான். வளைவில் பிடிமானம் கிடைக்கச் சக்கரங்களைத் தொழிற்சாலையிலேயே மேற்புறம் உள்நோக்கிச் சாய்த்து வைத்திருப்பார்கள். அதோடு டோ கோணமும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் நேர்கோட்டிலிருந்து திரும்பியிருக்கும் அளவு) கொஞ்சம் விலகினால், வெளியிலிருந்து பார்க்கப் புதிதாகத் தெரியும் டயர் உள்விளிம்பில் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். மாதம் ஒருமுறை ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி முன்டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள். பின்டயருக்குக் கீழே குனிந்து டார்ச் அடிக்க வேண்டும். டயரின் வரிப்பள்ள ஆழம் 1.6 மி.மீ. ஆகும்வரை ஓட்டலாம் என்பது பல நாடுகளின் சட்டம். அகல டயர் தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும் என்பதால் 3 மி.மீ.யில் மாற்றுவதே புத்திசாலித்தனம். கோடை டயர்களின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும் என்பதைக் குளிர்ப் பகுதியில் ஓட்டுவோர் மறக்கக் கூடாது.

நான்கு சக்கர இயக்கம் உள்ள மாடல்களில் ஒரு டயர் மட்டும் வெடித்தால், ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டு போக முடியாது. முன், பின் டயர்களின் சுற்றளவு வேறுபட்டால், முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். டயர்களின் வரிப்பள்ள ஆழ வேறுபாடு இரண்டு மூன்று மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதே பொதுவான அளவு. சரியான எல்லையைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிம் விஷயத்தில் உங்கள் விமர்சகர்கள் செய்வதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 20 அங்குல ரிம்மைப் புகைப்படத்தில் பாராட்டுகிறார்கள். குழி விழுந்த சாலையில் அந்த மெல்லிய டயரின் பக்கச்சுவர் நசுங்கி உள்நூல் அறுந்து வீக்கம் கண்டுவிடும். ரிம்மிலும் உள்பக்கம் விரிசல் விழும். பிரேக் காலிப்பர் இடம் கொடுத்தால், அதே மாடலுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த ஓர் அங்குலம் சிறிய ரிம்மும் உயரமான டயரும் போடுவதைப்போல் தினசரி ஓட்டத்துக்குப் பயன் தரும் மாற்றம் வேறில்லை. மொத்தச் சுற்றளவு மாறக் கூடாது, டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் சுமை எண்ணும் குறையக் கூடாது. போல்ட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்க விடாமல், டார்க் ரெஞ்சில் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

பிரேக்கில் பேடை எல்லோரும் கவனிக்கிறார்கள், டிஸ்க்கை மறந்துவிடுகிறார்கள். டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியரால் அளந்து அதற்கு அருகில் வந்துவிட்டால், புதுப் பேடு போடும்போது டிஸ்க்கையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். இரண்டு டன் எடையை மலைச்சரிவில் திரும்பத் திரும்ப நிறுத்தும்போது இந்த வித்தியாசம் காலடியில் தெரியும், பெடல் பஞ்சாக அமுங்கும். ஓடிய தூரம் குறைவு என்று தள்ளிப்போடாமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கார்பன் செராமிக் டிஸ்க் நகர ஓட்டத்துக்கு அவசியமே இல்லை. சீக்கிரம் தேயாது, உண்மை. ஆனால் சக்கரத்தைக் கழற்றும்போது ரிம் இடித்து விளிம்பு உடைந்தால், சில கிலோ எடை மிச்சத்துக்காகக் கொடுத்த விலை முழுதும் போச்சு.

கியர்பாக்ஸ் எந்த வகை என்பது நெரிசலில் ஓட்டுவோருக்குக் குதிரைத்திறனைவிட முக்கியம். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில், ஊர்ந்து போகும் ஒவ்வொரு நொடியும் கிளட்ச் பாதி பிடித்த நிலையில் தேய்ந்து சூடாகிறது. முன்காருக்கும் நமக்கும் இடைவெளி விட்டு, ஒரே மூச்சில் நகர்ந்து நிற்பது அதற்கு நல்லது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் காரைத் தாங்கி நிறுத்தவே கூடாது. எம்5 கூட, எஃப்10 தலைமுறையில் இருந்த இரட்டைக் கிளட்சை விட்டு, 2017-இல் வந்த எஃப்90-இல் எட்டு கியர் டார்க் கன்வெர்ட்டருக்கு (திரவத்தின் வழியாகச் சக்தியைக் கடத்தும் வழக்கமான ஆட்டோமேட்டிக்) மாறிவிட்டது. 'ஆயுள் முழுதும் ஆயில் மாற்றத் தேவையில்லை' என்று கார் நிறுவனம் சொன்னாலும், எட்டு கியர் பெட்டியைத் தயாரிக்கும் இசட்எஃப் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் அடித்தட்டோடு சேர்ந்தே வருவதால், அடித்தட்டையும் புதிதாகப் போட வேண்டும்.

பழைய கார் வாங்குவோருக்கு ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு ஜாதகம் உண்டு. மேலே சொன்ன வி10, எம்3 வி8 இரண்டிலும், பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்மானம். எம்156 என்ற 6.2 லிட்டர் ஏஎம்ஜி வி8 இன்ஜினில் முற்காலத் தயாரிப்புகளில் ஹெட் போல்ட் உடைவதும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், லிஃப்டர் தேய்வதும். ராட் பேரிங் என்றால் ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி ஈயம், செம்பு அளவைத் தொடர்ந்து பார்க்கலாம். மாற்றுவதற்கு இன்ஜினை வெளியே எடுக்க வேண்டாம். இன்ஜினுக்குக் கீழே உள்ள முன் சப்ஃப்ரேம் சட்டத்தை இறக்கி, ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி, கீழிருந்தே செய்யலாம். போல்ட்டுகள் மட்டும் புதிதாக இருக்க வேண்டும், பழையதைத் திரும்ப இறுக்கக் கூடாது. பார்க்கப் போகும்போது, இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர் ஸ்டார்ட்டில் கேட்கும் உலோகத் தட்டல் சூடானபின் மறைந்துவிடலாம். சர்வீஸ் புத்தகத்தின் முத்திரையைவிட, எந்த ஆயில் எத்தனை லிட்டர் என்று எழுதிய பில் நம்பகமானது. நான்கு சக்கரத்திலும் நான்கு கம்பெனி மலிவு டயர் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அவர் அப்படித்தான் செலவழித்திருப்பார்.

மின்கலம் சேர்ந்த புதிய தலைமுறையில் இந்தத் தொல்லை தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. 2024-இல் அறிமுகமான எம்5 பிளக்-இன் ஹைபிரிட் சுமார் 2,400 கிலோ எடை. அந்தச் சுமையைத் தாங்குவது டயரும் பிரேக்கும்தான். சத்தமில்லாமல் மோட்டாரில் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஆக்சிலரேட்டரை அழுத்தினால், குளிர்ந்து கிடக்கும் பெட்ரோல் இன்ஜின் எடுத்த எடுப்பிலேயே சுமை தூக்க வேண்டியிருக்கும். முந்திச் செல்லும் எண்ணம் இருந்தால் சில கிலோமீட்டர் முன்பே இன்ஜின் ஓடும் மோடுக்கு மாற்றிவிடுவது நல்லது.

ஈசியூ மேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் அமைப்பு) மாற்றிக் கூடுதல் சக்தி ஏற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை: தினசரி காரில் வேண்டாம். வாரண்டி கேள்விக்குறியாகும், இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லவில்லை என்றால் இழப்பீடும் சிக்கலாகும்.

உங்கள் விமர்சனங்களில் இருக்கும் அட்டவணையில் இடம் குறைவு என்பது தெரியும். உச்ச வேகத்துக்கான வரியை எடுத்துவிட்டு, முன், பின் டயர் அளவு, தயாரிப்பாளர் அனுமதிக்கும் மிகச் சிறிய ரிம், கியர்பாக்ஸ் வகை, ஆயில் ஒப்புதல் எண்ணும் கொள்ளளவும் ஆகிய நான்கையும் அங்கே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகனப் பக்க வாசகர்