டப்ளின் பஸ்ஸில் ஏறும் முன்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். வேலையும் பழகிவிட்டது. பாப்பாவோடு வரும்போது வெளியே போக வர தினமும் டாக்சிதான் பிடிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம், பஸ்ஸே போதும். ஆனால் இந்த ஊர் பஸ்ஸுக்கென்று சில பழக்கங்கள் இருக்கின்றன. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டாப்பில் ஆள் நிற்கிறதே என்று பஸ் தானாக நிற்காது. ஒரே ஸ்டாப்புக்கு நாலைந்து ரூட் வண்டிகள் வரும். நமக்கு எது வேண்டும் என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? தூரத்தில் வரும்போதே கையை நீட்டிவிட வேண்டும். கடைசி நேரத்தில் நீட்டினால் ஈரச் சாலையில் அவர் சட்டென்று பிரேக் போட, மாடி பஸ்ஸுக்குள் படியில் இறங்கிக்கொண்டிருப்பவர் பாடு திண்டாட்டம்.

கண்டக்டர் கிடையாது. உனக்கு ஒரு லீப் கார்டு, அதாவது முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் பயண அட்டை, வாங்கித் தருகிறேன். ஏறியதும் வலப்பக்கம் இருக்கும் மெஷினில் தட்டினால் 2 யூரோ பிடிப்பார்கள். 90 நிமிடத்துக்குள் வேறு பஸ்ஸோ டிராமோ மாறினால் மறுபடி பணம் போகாது. பக்கத்தில்தான் இறங்கப் போகிறோம் என்றால் டிரைவரிடம் இடத்தைச் சொல்ல வேண்டும், குறைந்த கட்டணம் போட்டுக் கொடுப்பார். காசாகக் கொடுத்தால் நாணயம் மட்டும்தான். நோட்டு செல்லாது. கூடுதலாகப் போட்டால் மீதிக்குச் சில்லறை வராது, ரசீதுதான் வரும். அதை ஓ'கானல் தெருவில் இருக்கும் பஸ் கம்பெனி அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ள வேண்டும். கேட்டால் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அதனாலேயே சில்லறைத் தகராறு என்ற ஒன்று டிரைவருக்கும் பயணிக்கும் நடுவில் இல்லை. இவர்கள் ஒருவரிடம் ஒருவர் இதமாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இறங்கும்போது அநேகமாக எல்லோரும் டிரைவருக்கு தேங்க்ஸ் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். காதில் ஹெட்போன் மாட்டிய பள்ளிக்கூடப் பையன்கள்கூட. சில டிரைவர்கள் தலையை ஆட்டுவார்கள், சிலர் கண்ணாடியில் பார்த்து ஒரு விரலைத் தூக்குவார்கள். முதலில் என்ன தங்கமான ஜனங்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன்: பல வண்டிகளில் நடுக்கதவு இருந்தாலும் பல நேரம் திறப்பதில்லை, அப்போது எல்லோரும் டிரைவரைத் தாண்டித்தான் இறங்குகிறார்கள். நடுக்கதவு திறக்கும் நாளில் அதே ஆட்களில் பாதிப் பேர் பேசாமல் இறங்கிப் போய்விடுகிறார்கள். சிலர் மட்டும் அங்கிருந்தே சத்தம் கொடுப்பார்கள். ஆக, பாதி குணம், பாதி கதவு.

எனக்கு அந்த தேங்க்ஸைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. போன வாரம் நல்ல மழை. கைத்தடியோடு ஒரு பாட்டி ஸ்டாப்பில் நின்றார். டிரைவர் வண்டியை நடைபாதைக்கு ஒட்டிக் கொண்டுவந்து, ஏதோ சுவிட்சைத் தட்டினார். புஸ் என்று காற்று இறங்கி, பஸ்ஸின் முன்பக்கம் அந்தப் பக்கமாகத் தாழ்ந்தது. பாட்டி ஏறி, பையில் கார்டைத் தேடி எடுத்து, தட்டி, முன் சீட்டில் உட்கார்ந்து, தடியைக் காலிடுக்கில் வைத்துக்கொள்ளும் வரை வண்டி நகரவில்லை. பின்னால் கார்க்காரன் ஹாரன் அடிக்கிறான், இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குள்ளும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

எல்லாம் இப்படியே இருக்கும் என்று எண்ணிவிடாதே. கதவை மூடிக் கிளம்பிவிட்டால், ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினாலும் பல பேர் திறக்க மாட்டார்கள். ஓடி வருகிறவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஒருவனுக்காக நின்றால் உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் தாமதம் என்பது டிரைவரின் நியாயம். ராத்திரியில் குடித்துவிட்டு ஏறி டிரைவரைத் திட்டுகிறவர்களும் உண்டு. அவர் சீட்டைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்திருப்பது சும்மா இல்லை.

கடைசியாக, பாப்பாவின் தள்ளுவண்டி. முன்பக்கம் அதற்கு இடம் உண்டு. ஆனால் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் அந்த இடம் அவருக்குத்தான். முன்கதவிலிருந்து சாய்தளம் நீளும், டிரைவர் உன்னிடம் வண்டியை மடக்கச் சொல்வார். பாப்பாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் மடக்குகிற மாதிரி ஒன்றாகப் பார்த்து வாங்கு. கடையிலேயே நாலு தடவை மடக்கிப் பார். அத்தானைப் பார்க்கச் சொல்லாதே, இங்கே நீதானே மடக்கப் போகிறாய்.

அம்மாவை மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை